ஸ்டுட்கார்ட்டுக்குக் குடிபெயர எடுத்த ரீலொகேஷன் சேவை: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

கோயம்புத்தூரிலிருந்து ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டுக்கு வேலை மாறியபோது என் நிறுவனம் ஒரு ரீலொகேஷன் சேவையை ஏற்பாடு செய்து தந்தது. வீடு தேடித் தருவதற்கும், அரசு அலுவலகங்களுக்குக் கூட வருவதற்கும் நிறுவனமே பணம் கட்டியது. மகளுக்குக் கிண்டர்கார்டன் பார்க்க மட்டும் எங்கள் கைக்காசு, 400 யூரோ. நான், கணவர், நான்கு வயது மகள் மூவரும் 2024 ஜனவரியில் போய் இறங்கினோம். இந்தச் சேவைக்கு என் மதிப்பெண் 5க்கு 3.5.

வீடு தேடும் வேலைக்கு மட்டும் கேட்டால் ஐந்துக்கு ஐந்தே கொடுப்பேன். எங்களுக்கு அமர்த்தப்பட்ட அம்மா அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். முதல் நாளே ஒரு தாளில் எழுதிக் காட்டினார். விளம்பரத்தில் 'கால்ட்' என்று போட்டிருக்கும் வாடகை வெறும் வீட்டுக்கு மட்டும். ஹீட்டிங், தண்ணீர், குப்பைக் கட்டணம் எல்லாம் சேர்ந்தால்தான் 'வார்ம்'. கரண்ட் பில் பெரும்பாலும் அதற்கும் வெளியே. அட்வான்ஸாக மூன்று மாதக் கால்ட் வாடகைக்கு மேல் கேட்கச் சட்டத்தில் இடமில்லை. அதையும் மூன்று தவணையாகக் கட்டலாம். நகையை அடகு வைப்பதா என்று வீட்டில் பேசிக்கொண்டிருந்த எங்களுக்கு, அன்றைக்குத்தான் மூச்சு வந்தது.

ஆறு வீடு பார்த்தோம். முதல் வீட்டில் சமையலறை என்று காட்டிய இடத்தில் சுவரிலிருந்து குழாய்கள் நீட்டிக்கொண்டிருந்தன, அவ்வளவுதான். சிங்க்கூட இல்லை. அங்கே பல வாடகை வீடுகள் அப்படித்தான். காலி செய்கிறவர் மேடை, அலமாரி, அடுப்பு எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போய்விடுவார், அல்லது அடுத்து வருகிறவருக்கு விற்பார். ஃபாயர்பாஹ் பகுதியில் நாங்கள் எடுத்த வீட்டில் இருந்தவர் சமையலறைக்கு 2,000 யூரோ கேட்டார். அந்த அம்மா பேசி 1,200க்கு முடித்துக் கொடுத்தார். சாவி வாங்கிய நாளில் தரையில் இருந்த ஒவ்வொரு கீறலையும் எழுதி, மீட்டர் அளவுகளைக் குறித்து, வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கினார். காலி செய்யும்போது அட்வான்ஸைக் காப்பாற்றப்போவது அந்தத் தாள்தான். மாடிப்படியைக் குடித்தனக்காரர்கள் வாரம் மாற்றிச் சுத்தம் செய்யும் 'கேர்வோகே' என்ற அந்தப் பக்கத்து வழக்கத்தையும் அவர்தான் சொல்லித் தந்தார். அடுத்த மாதம் எங்கள் கதவில் முறைப் பலகை தொங்கியபோது நான் துடைப்பத்தோடு தயாராக இருந்தேன். மேல் வீட்டுப் பாட்டி எங்களோடு பேச ஆரம்பித்ததே அந்த வாரத்தில்தான்.

புறப்படும் முன் அவர்கள் அனுப்பிய கையேடு சுமார்தான். குளிருக்கு என்ன கோட்டு, குப்பையை எப்படிப் பிரிப்பது என்றெல்லாம் இருந்தது. நம் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு வேண்டிய இந்த விஷயங்கள் அதில் இல்லை: நெய், பால்கோவா போன்ற பால் பொருட்களை இந்தியாவிலிருந்து பெட்டியில் கொண்டுபோக ஐரோப்பிய ஒன்றியத்தில் அனுமதி கிடையாது. கறிவேப்பிலைக்கும் தாவரச் சான்றிதழ் வேண்டும். மிக்ஸியைத் தாராளமாகக் கொண்டுபோகலாம், மின்னழுத்தம் நம்முடையதுதான். ஆனால் நம் மூன்று முள் பிளக் அந்த ஊர் சாக்கெட்டில் நுழையாது, எர்த் உள்ள அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.

கிண்டர்கார்டனுக்குக் கட்டிய 400 யூரோவை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. கிடைத்தது ஒரு முகவரிப் பட்டியல். ஒரு வயது முடிந்த குழந்தைக்கு இடம் கேட்க 2013 முதல் சட்டப்படி உரிமை உண்டு, ஆனாலும் இடத்துக்குத் திண்டாட்டம்தான். கடைசியில் கணவர் ஒவ்வொரு இடமாக நேரில் போய்க் கேட்டுத்தான் ஐந்து மாதம் கழித்து இடம் கிடைத்தது.

அடுத்தது அலுவலக வேலை. குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும், அதற்கு 'அன்மெல்டுங்' என்று பெயர். வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது, வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தனி உறுதிக் கடிதம் வேண்டும். பதிந்த பிறகுதான் 11 இலக்க வரி எண் தபாலில் வரும். சம்பளத்தில் சரியான வரி பிடிக்க அந்த எண் தேவை. அந்த அம்மா கூட வந்தார், இருபது நிமிடத்தில் பதிவு முடிந்தது. அப்புறம் ஐந்து வாரம் ஆகியும் எனக்கு வரி எண் கடிதம் வரவில்லை.

அங்கே அடுக்குமாடி வீடுகளுக்குப் பெரும்பாலும் கதவு எண் கிடையாது. தபால்காரர் பெட்டியில் ஒட்டியிருக்கும் குடும்பப் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். எங்கள் பெட்டியில் கணவரின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயராக இருக்கும் அவர் அப்பா பெயரை மட்டும் சேவைக்காரர்கள் ஒட்டியிருந்தார்கள். என் பாஸ்போர்ட்டில் இருப்பது என் அப்பா பெயர். மகளுடையதில் என் கணவரின் பெயர். ஒரே குடும்பத்துக்கு மூன்று குடும்பப் பெயர். அவர் கடிதம் வந்தது, என்னுடையதும் மகளுடையதும் திரும்பிப் போயின. வேலை பார்ப்பது நான். வரி எண் இல்லாததால் முதல் சம்பளத்தில் ஆறாம் வரி வகுப்புப்படி, அதாவது இருப்பதிலேயே அதிகமாக, பிடித்துவிட்டார்கள். சம்பளச் சீட்டைப் பார்த்துக் கை நடுங்கியது. சமையலறைக்குக் கொடுத்த பணமே அப்போது கடன்.

இதை அவர்கள் சொல்லியிருக்க வேண்டும். இந்தியக் குடும்பங்களுக்கு வேலை செய்கிறவர்கள் பாஸ்போர்ட்டைப் புரட்டினாலே தெரிந்திருக்கும். மன்னிப்புக் கேட்டு, மறுபடி எண் கேட்டு விண்ணப்பம் போட்டுக் கொடுத்தார்கள். அதுவும் தபாலில்தான் வரும் என்பதால் இன்னும் நான்கு வாரம். கூடுதலாகப் பிடித்த பணம் ஜூன் சம்பளத்தில் திரும்பி வந்தது.

வீட்டுக்கும் முகவரிப் பதிவுக்கும் மட்டும் இந்த மாதிரிச் சேவையை எடுங்கள். சாவி கையில் கிடைத்த அன்றே, வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பாஸ்போர்ட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு, அதில் உள்ள எல்லாக் குடும்பப் பெயரையும் எழுத்துப் பிசகாமல் தபால் பெட்டியில் ஒட்டிவிடுங்கள். எங்கள் பெட்டியில் இப்போது மூன்று வரி இருக்கிறது.