ஆர்ஓ கழிவு நீர்: டிரம்மில் பிடிப்பதா, இரண்டாவது மெம்பிரேன் போடுவதா?

200 லிட்டர் மீன் தொட்டிக்கு வாரம் 40 லிட்டர் தண்ணீர் மாற்றுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். வீட்டு ஆர்ஓ யூனிட்டில் நல்ல தண்ணீர் ஒரு பங்கு வந்தால் கழிவு நான்கு பங்கு போவது சாதாரணம். அந்த 40 லிட்டருக்காக 160 லிட்டர் சாக்கடைக்குப் போகிறது. பவளத் தொட்டி என்றால், ஆவியாகிக் குறைவதை ஈடுகட்ட ஊற்றும் தண்ணீரும் இந்தக் கணக்கில் சேரும்.

இதற்கு மூன்று வழி சொல்வார்கள். கழிவைப் பிடித்து வேறு வேலைக்கு எடுப்பது, இரண்டாவது மெம்பிரேன் (உப்பைப் பிரிக்கும் சவ்வு) போட்டுக் கழிவையே குறைப்பது, கழிவைத் திரும்ப மூலத் தண்ணீரிலேயே விடுவது. எது தோதுப்படும் என்பது குழாய்த் தண்ணீரின் கடினத்தன்மையையும் அழுத்தத்தையும் பொறுத்தது. அவற்றைப் பார்க்காமல் உதிரி பாகம் வாங்கக் கிளம்புகிறவர்கள்தான் அதிகம்.

பெயரில்தான் கழிவு, உண்மையில் இது அழுக்குத் தண்ணீர் இல்லை. மண், தூசி வடிகட்டப்பட்டு, கார்பன் வடிகட்டியைத் தாண்டி வருவதால் குளோரினும் போயிருக்கும். உப்பு மட்டும் கூடியிருக்கும். குழாயில் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்பின் அளவு) 400 பிபிஎம் என்றால், கழிவும் நல்ல தண்ணீரும் 4:1 விகிதத்தில் வரும்போது கழிவில் ஏறக்குறைய 500 இருக்கும். 2:1 என்றால் 600, 1:1 என்றால் 800. கழிவின் அளவைக் குறைக்கக் குறைக்க அதன் உப்பு ஏறும். கீழே வரும் ஒப்பீடு முழுக்க இந்த இழுபறிதான்.

முதலில் இரண்டாவது மெம்பிரேன். முதல் மெம்பிரேனின் கழிவு வாயை இரண்டாவதின் உள்வாயில் இணைத்து, இரண்டின் நல்ல தண்ணீரையும் ஒன்றாகச் சேர்ப்பார்கள். கழிவின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டர் பழையதே போதும். அதை இரண்டாவது மெம்பிரேனின் கழிவு வாயில் மாட்ட வேண்டும், இரண்டுக்கும் நடுவில் எதுவும் கூடாது. கழிவின் வேகம் முன்பு போலவே இருக்க, நல்ல தண்ணீர் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 4:1 என்பது 2:1 ஆகிவிடும், 160 லிட்டர் 80 ஆகும். வேலையும் சீக்கிரம் முடியும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டாவது மெம்பிரேனுக்குப் போவது ஏற்கெனவே உப்பு கூடிய தண்ணீர். அதனால் அதிலிருந்து வரும் நல்ல தண்ணீரின் டிடிஎஸ் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். பின்னால், மிஞ்சிய உப்பை எடுக்கும் டிஐ ரெசின் வைத்திருந்தால் அது சீக்கிரம் தீரும். அழுத்தம் 50 பிஎஸ்ஐக்குக் கீழே என்றால் பூஸ்டர் பம்ப் இல்லாமல் இதில் இறங்காதீர்கள். கடினத் தண்ணீராக இருந்தால் கால்சியம் படிந்து முதலில் அடைபடுவது இரண்டாவது மெம்பிரேன்தான். கெண்டியின் அடியில் வெள்ளையாகப் பொறுக்குத் தட்டுகிற தண்ணீர் வருகிற வீட்டுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். மென்மையான தண்ணீர், நல்ல அழுத்தம் இரண்டும் இருந்தால் தயங்காமல் போடலாம்.

சிறிய ரெஸ்ட்ரிக்டர் மாட்டி, ஒரே மெம்பிரேனில் 1:1க்கு இறக்குகிறவர்களும் உண்டு. செலவு குறைவுதான். ஆனால் உப்பைக் கழுவித் தள்ளும் ஓட்டம் குறைந்து மெம்பிரேன் சீக்கிரம் போய்விடும். எனக்கு இதில் உடன்பாடில்லை.

அடுத்து, பிடித்துப் பயன்படுத்துவது. மெம்பிரேனைத் தொடாத வழி என்பதால் எந்தத் தண்ணீருக்கும் ஒத்துவரும். டாய்லெட்டில் ஊற்றுவது முதல் இடம், உப்பைப் பற்றிய கவலையே வேண்டாம். தரை துடைக்கலாம், பளபளக்கும் தரையில் மட்டும் வெள்ளைத் திட்டு தெரியும். துணி துவைக்கலாம், சோப்பு கொஞ்சம் கூடப் பிடிக்கும். சமையலுக்கும் குடிக்கவும் வேண்டாம். குழாய்த் தண்ணீரில் நைட்ரேட்டோ ஃப்ளோரைடோ இருந்தால் அதுவும் இதில் கூடித்தான் இருக்கும்.

செடிக்கு ஊற்றலாமா என்றால், தரையில் வேர் விட்ட மரம் செடிக்குச் சரி, மழை வந்து உப்பைக் கீழே கழுவிவிடும். தொட்டிச் செடியில் உப்பு போக வழியில்லாமல் தங்கி, இலை நுனி கருகத் தொடங்கும். ஆர்க்கிட், பெரணி பக்கமே கொண்டுபோகாதீர்கள். ஆர்ஓவுக்கு முன்னால் உப்புப் போட்டு இயங்கும் சாஃப்ட்னர் (கடினத்தன்மையை நீக்கும் கருவி) இருந்தால் கழிவில் சோடியம் கூடியிருக்கும், அது மண்ணுக்கே ஆகாது.

மலாவி, தங்கனிகா ஏரி சிக்லிட்களுக்குக் கடின நீர் பிடிக்குமே, கழிவை அவற்றுக்கே விடலாமே என்று கேட்பார்கள். விடலாம், நைட்ரேட் சோதித்துப் பார்த்த பிறகு. குளோரினுக்குப் பதில் குளோரமைன் கலந்து வரும் ஊரில் கார்பன் அதை உடைக்கும்போது அம்மோனியா மிஞ்சும், அதையும் சோதிக்க வேண்டும்.

பிடிக்கும் வழியின் தொல்லை, இடம். 100 ஜிபிடி (நாளுக்கு 100 கேலன்) மெம்பிரேன் சொன்னபடி ஓடினால் மணிக்கு 15 லிட்டருக்குச் சற்று மேல் தரும். 40 லிட்டருக்கு இரண்டரை மணி நேரம், அதற்குள் 160 லிட்டர் கழிவு வந்து நிற்கும். 200 லிட்டர் டிரம் ஒன்று வேண்டும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டிச் சிறிய வாளியில் பிடிக்கலாமே என்று தோன்றும். ஆனால் நின்று ஓடும் ஒவ்வொரு முறையும் முதலில் வரும் நல்ல தண்ணீரில் டிடிஎஸ் ஏறி வரும். மொத்தமாக ஓட்டுவதே மேல். கழிவுக் குழாயை இரண்டு மீட்டர் உயரத்து டிரம்முக்கு ஏற்றலாம், 3 பிஎஸ்ஐ அளவுதான் எதிர் அழுத்தம் வரும். குழாய் முனையில் டேப் மட்டும் வைக்காதீர்கள். யாராவது மூடிவிட்டால் உப்பு வெளியேற வழியில்லாமல் மெம்பிரேனிலேயே தேங்கும்.

மூலத் தொட்டிக்கே திருப்பிவிடுவது மூன்றாவது. சிறிய தொட்டி என்றால் 400, 500, 625 என்று சுற்றுக்குச் சுற்று உப்பு ஏறும். வீடு முழுவதற்குமான பெரிய தொட்டி என்றால் உப்பு அவ்வளவு தெரியாது. ஆனால் குளோரின் இல்லாத தண்ணீரை அங்கே கலப்பதால் கிருமிப் பாதுகாப்பு குறைகிறது. நான் இதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை.

எந்த வழிக்குப் போவதற்கு முன்னும் இரண்டு விஷயம் பார்த்துவிடுங்கள். நன்னீர் மீன் பலவற்றுக்குச் சுத்த ஆர்ஓ தண்ணீர் தேவையே இல்லை. குளோரின் நீக்கிய குழாய்த் தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலந்தால் 20 லிட்டர் ஆர்ஓ போதும், கழிவும் 80 ஆகிவிடும். இரண்டாவது மெம்பிரேன் செய்கிற அதே வேலை, காசில்லாமல்.

அப்புறம், தொட்டி நிறைந்ததும் யூனிட்டை நிறுத்தும் ஷட்-ஆஃப் வால்வு. நல்ல தண்ணீர்க் குழாயை மூடிவிட்டுச் சில நிமிடம் கழிவுக் குழாயைப் பாருங்கள். அது நிற்க வேண்டும். நிற்காமல் ஓடினால், தொட்டி நிறைந்து ஃப்ளோட் வால்வு மூடிய பிறகும் உங்கள் யூனிட் இரவெல்லாம் கழிவை ஊற்றிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஷட்-ஆஃப் வால்வோ, தண்ணீர் பின்னோக்கி வராமல் தடுக்கும் செக் வால்வோ போயிருக்கும். டிரம்மும் மெம்பிரேனும் அதை மாற்றிய பிறகு.