லுட்விக்கா, ஷ்னைடரா? பழைய டிடிஎம் பார்க்க யாரிடமிருந்து தொடங்கலாம்

டிடிஎம் என்ற ஜெர்மன் டூரிங் கார் (சாலைக் கார்களின் வடிவில் அமைந்த பந்தயக் கார்) தொடரைப் பார்க்க ஆரம்பிப்பவர்கள் இந்த இரண்டு பேரில்தான் தடுமாறுகிறார்கள்.

பட்டம்: கிளாஸ் லுட்விக் 3 (1988, 1992, 1994). பெர்ன்ட் ஷ்னைடர் 5 (1995, 2000, 2001, 2003, 2006).

கார்: லுட்விக்கின் முதல் பட்டம் ஃபோர்டு சியராவில், மற்ற இரண்டும் மெர்சிடிஸில். ஷ்னைடருக்கு ஐந்துமே மெர்சிடிஸ்.

ஃபார்முலா 1: லுட்விக் அந்தப் பக்கமே போகவில்லை. ஷ்னைடர் போய்ப் பட்டார். 1989-இல் சாக்ஸ்பீட்-யமஹா காரில் 16 பந்தயங்களில் இரண்டுக்கு மட்டுமே தகுதி பெற்றார். ஓட்டுநரைக் குறை சொல்ல முடியாது, கார் அந்த லட்சணம்.

லே மான் (பிரான்சின் 24 மணி நேரப் பந்தயம்): இதில் போட்டியே இல்லை. லுட்விக் 1979, 1984, 1985 என மூன்று முறை வென்றவர், மூன்றும் போர்ஷேயில்.

நேருக்கு நேர்: 1998 எஃப்ஐஏ ஜிடி, அதாவது ஒரு காரை இருவர் மாறி மாறி ஓட்டும் ஸ்போர்ட்ஸ் கார் தொடர். இருவருக்கும் மெர்சிடிஸ்தான், ஆனால் தனித்தனி கார். ஷ்னைடர் முந்தைய ஆண்டின் சாம்பியன். கூட்டாளி இளம் மார்க் வெப்பர். லுட்விக்குக்கு வயது 48, கூட்டாளி ரிக்கார்டோ சோன்டா. பட்டம் பெரியவர் பக்கம் போனது! அப்புறம் 2000-இல் டிடிஎம்முக்குத் திரும்பி, 50 வயதில் சாக்சன்ரிங் பந்தயத் தடத்தில் வென்றார். ஷ்னைடரும் லேசுப்பட்டவர் அல்ல: 2008-இல் டிடிஎம்மை விட்டபின், 2013-இல் நூர்பர்க்ரிங் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றார்.

ஒரே தொடரை வருடக்கணக்கில் ஆண்டவரைப் பார்க்க ஆசையென்றால் ஷ்னைடர். விதவிதமான கார்கள் வேண்டுமென்றால் லுட்விக். எனக்கு லுட்விக்தான்.