16 மீட்டருக்கு வாடகை

சுதந்திர தினத்தோடு சனியும் ஞாயிறும் சேர்ந்து வந்த மூன்று நாள் லீவுக்கு, பறவைப் படம் எடுக்க நிக்கான் 200-500 லென்ஸை வாடகைக்கு எடுத்தேன். இந்த எண்கள் மில்லிமீட்டர் கணக்கு; எண் பெரிதாக ஆக, தூரத்துப் பறவை படத்தில் பெரிதாகத் தெரியும். என்னிடம் இருப்பது டி7500 கேமரா, அதில் எப்போதும் மாட்டியிருப்பது 70-300 லென்ஸ். வீடு மேடவாக்கம். பெரும்பாக்கம் ஏரிக்கு ஸ்கூட்டரில் பத்து நிமிடம்தான் என்பதால் வாரத்துக்கு ஒரு நாளாவது அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன். "300 பத்தாதுக்கா, 500 வாங்கு" என்று தம்பி இரண்டு வருடமாக நச்சரிக்கிறான். காசைப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை எடுத்துத்தான் பார்ப்போமே என்று கிளம்பினேன்.

முதலில் எடை. லென்ஸ் மட்டும் 2300 கிராம், கேமராவோடு மூன்று கிலோ. கடையில் வாங்கிப் பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை. ஏரிக்கரையில் இரண்டு நிமிடம் கண்ணுக்கு நேராகப் பிடித்திருந்தால் இடது தோள் கெஞ்சுகிறது. ட்ரைபாடைத் தூக்கிக்கொண்டு அலைகிற ஆள் நான் இல்லை. பழைய ஜீன்ஸ் காலை வெட்டி, உள்ளே இரண்டு கிலோ ரேஷன் அரிசி போட்டு, இரண்டு முனையும் தைத்த ஒரு மூட்டை வைத்திருக்கிறேன். அதைக் கரைக் கல்லின் மேல் போட்டு லென்ஸை அழுத்தி உட்கார வைத்தால் அசையாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரிசியை மாற்ற வேண்டும், வண்டு வந்துவிடும்.

வெள்ளிக்கிழமை காலை பாதி வீணாய்ப் போனது என் தப்பு. புது மாப்பிள்ளையை வைப்பதுபோல் லென்ஸை ராத்திரி முழுக்க ஏசி அறையில் வைத்திருந்தேன். ஆறு மணிக்கு ஏரியில் மூடியைத் திறந்ததும் சென்னைப் புழுக்கம் முன்கண்ணாடியில் படிந்து பால் மாதிரி வெளுத்துவிட்டது. துடைத்தால் மறுபடி படிகிறது. இருபது நிமிடம் காத்திருந்தேன். அந்த இருபது நிமிடமும் ஒரு கருப்பு வெள்ளை மீன்கொத்தி நேர் எதிரே, தண்ணீருக்கு மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று நின்று குதித்துக்கொண்டிருந்தது. அன்று ராத்திரியிலிருந்து லென்ஸுக்குப் படுக்கை ஹாலில்தான், பையை மூடி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு நாரை என் கேமராவில் படத்தின் பாதி உயரத்துக்கு நிறைய வேண்டுமானால் 300ஐ வைத்துக்கொண்டு 24 மீட்டர் கிட்டத்தில் போக வேண்டும். 500இல் அதே அளவு 40 மீட்டரிலேயே கிடைக்கிறது. இடையில் இருக்கும் 16 மீட்டருக்குத்தான் நான் வாடகை கொடுத்தேன் என்பது சனிக்கிழமை காலையில் புரிந்தது.

24 மீட்டருக்குப் போனால் நத்தைகுத்தி நாரை தலையைத் தூக்கிவிடும். மேய்ச்சல் நின்றுவிடும். என்னிடம் உள்ள பழைய நத்தைகுத்திப் படங்கள் எல்லாவற்றிலும் அது விறைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறது, கல்யாண ஆல்பம் மாதிரி. 40 மீட்டரில் அதற்கு நான் ஒரு பொருட்டே இல்லை. முழங்கால் ஆழத் தண்ணீரில் நடந்துகொண்டே அலகால் சேற்றைக் குத்திக் குத்திப் பார்த்தது. திடீரென்று கழுத்து வரை உள்ளே விட்டு, ஓர் எலுமிச்சம்பழ அளவு நத்தையோடு எழுந்தது. நத்தையை விழுங்கப் போகிறது என்று நான் பட்டனை அழுத்தத் தயாராக இருக்க, அது மறுபடி நத்தையைத் தண்ணீருக்குள்ளேயே அமுக்கிக்கொண்டது. தலை நடுங்குகிறது, கழுத்து இப்படியும் அப்படியும் திருகுகிறது. என்ன செய்கிறது என்று வெளியே தெரியவில்லை. பிறகு தலையை எடுத்தபோது அலகின் நுனியில் சதை மட்டும் தொங்கியது. ஓடு இல்லை. தலையை ஒரு வெட்டு வெட்டியது, உள்ளே போய்விட்டது. அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கும், அதன் வழியாகப் பின்னால் இருந்த பச்சை தெரிவதுகூட ஒரு படத்தில் விழுந்திருக்கிறது. குஞ்சுகளுக்கு அந்த இடைவெளி கிடையாது, வளர வளரத்தான் வருமாம்.

மாடு ஓட்டி வந்த பெரியவர் ஒருவர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "அது உடைக்காதும்மா, உருவித்தான் எடுக்கும்" என்று கரையோரம் கிடந்த ஒரு நத்தை ஓட்டை எடுத்துக் கொடுத்தார். ஒரு கீறல் இல்லாமல் முழுசாக இருந்தது. இப்போது என் மேஜையில் இருக்கிறது.

லென்ஸின் வேலைத்திறம் பற்றிக் கேட்பவர்களுக்கு: நடுக்கத்தைக் குறைக்கும் விஆர் நன்றாகவே பிடிக்கிறது. நிற்கும் பறவையை 1/500 நொடி ஷட்டர் வேகத்தில் தைரியமாக எடுக்கலாம். பறக்கும்போது 1/1600க்கு மேல் வைத்து, விஆர் சுவிட்சை 'ஸ்போர்ட்' நிலைக்குத் தள்ளிவிடுங்கள். பக்கவாட்டில் ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. அதை மாற்றினால் ஆறு மீட்டருக்கு உள்ளே ஃபோகஸ் தேடப் போகாது. முன்னால் ஆடும் கோரையில் போய் மாட்டிக்கொள்ளாமல் இருக்க அது உதவியது. ஜூம் வளையம் 200லிருந்து 500க்கு ஒரே திருகில் வராது, கையை மாற்றிப் பிடிக்க வேண்டும். நான் 500இலேயே விட்டுவிட்டேன். வெளிச்சத்தை உள்ளே விடும் திறப்பு அதிகபட்சம் எஃப் 5.6தான் என்பதால், மேகம் மூடிய விடியலில் கேமராவின் ஒளி உணர்திறனை, அதாவது ஐஎஸ்ஓவை, 3200 வரை ஏற்ற வேண்டியிருந்தது.

ஒன்பது மணிக்கு மேல் தூரத்துப் படங்கள் எல்லாம் மங்கலாக வந்தன. லென்ஸில் கோளாறோ என்று பயந்தேன். தண்ணீருக்கு மேலே சூடான காற்று தோசைக்கல் மேல் அலையாடுவதுபோல் ஆடுகிறது, அவ்வளவுதான். நீள லென்ஸ் அதையும் சேர்த்துப் பெரிதாக்கும். மூட்டையைக் கட்டிக்கொண்டு டீ குடிக்கப் போக வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை நீளவால் இலைக்கோழி ஒன்று கிடைத்தது. அடைகாக்கும் பருவத்தில் மட்டும் வரும் அந்தக் கறுப்பு வாலோடு, மிதக்கும் இலைகள் மேல் நடந்து வந்தது. திரும்பத் திரும்ப ஒரே இடத்துக்குப் போகிறதைப் பார்த்ததும் முட்டை இருக்கலாம் என்று நாலு படத்தோடு லென்ஸைத் திருப்பிக்கொண்டேன். அவற்றில் அடைகாப்பது ஆண்தான். அதை எழுப்பிவிட்டால் ஆகஸ்ட் வெயிலில் முட்டை வெந்துவிடும்.

அரை மணி கழித்து இன்னொருவர் வந்தார். சேற்றில் மேய்ந்துகொண்டிருந்த நெடுங்கால் உள்ளான் கூட்டத்தைப் பார்த்து இரண்டு கையையும் தட்டினார், பறக்கும் படம் வேண்டுமாம். மொத்தமும் எழுந்து போனது. ஆள்காட்டி ஒன்று கால் மணி நேரம் கத்தித் தீர்த்தது. அவர் கையில் இருந்ததும் இதே 200-500தான்.

வாடகை நாளுக்கு 900, முன்பணம் 10,000, ஆதார் நகல். கடையின் பெயர் வேண்டாம். திருப்பிக் கொடுத்தபோது, லென்ஸின் முனையில் வெயில் படாமல் மாட்டும் ஹூட்டில் ஒரு கீறலைக் காட்டி 500 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். அது முன்பே இருந்தது. நிரூபிக்க என்னிடம் படம் இல்லை. மூன்று நாளில் 1,900 படம் எடுத்தவள் லென்ஸை ஒரு படம் எடுத்து வைக்கவில்லை! நீங்கள் எடுத்தால் கடை மேஜையிலேயே வைத்து, கடைக்காரர் கண் முன்னால், ஹூட், முன்கண்ணாடி, அடியில் இருக்கும் திருகு எல்லாவற்றையும் மொபைலில் பிடித்துவிடுங்கள்.

இப்போதைக்கு வாங்கவில்லை. வருடத்துக்கு இரண்டு தடவை வாடகைக்கு எடுத்தால் என் ஆசைக்குப் போதும், என் தோளுக்கும் அதுதான் தாங்கும். அடுத்தது தை மாதம், பழவேற்காடு. பூநாரை நிற்கிற தூரத்துக்கு 500ம் காணாது என்று தம்பி இப்போதே ஆரம்பித்துவிட்டான்.