அடுக்களைக்கு பிளைவுட்டா, கடப்பா கல்லா?

பாளையங்கோட்டை வீட்டு அடுக்களையை இடித்துக் கட்டி ஒன்றரை வருஷம் ஆகிறது. வருகிறவர்கள் எல்லாம், "மாடுலர் போடலையா?" என்று கேட்கிறார்கள். பட்டறையில் செய்து வந்து பொருத்தும் பிளைவுட் அலமாரிகளைத்தான் சொல்கிறார்கள். மேடைக்குக் கீழே கடப்பா கல் தட்டுகள், முன்னால் அலுமினியக் கதவு. பார்க்க 1990-களின் வீடு மாதிரிதான் இருக்கிறது. தெரிந்தேதான் போட்டேன்.

பார்வைக்கு பிளைவுட்தான் அழகு, மறுக்கவில்லை. இழுப்பறை சத்தமில்லாமல் மூடும். கேட்ட நிறத்தில் லேமினேட் வரும். பட்டறையில் செய்து கொண்டுவந்து நாலு நாளில் பொருத்திவிடுவார்கள். கல்லென்றால் கொத்தனார் பத்து நாளைக்கு வீட்டைப் புழுதியாக்குவார். கல்லுக்குச் செலவு மட்டும், எனக்கு வந்த கொட்டேஷன்படி, பிளைவுட்டில் ஏறக்குறைய பாதி.

ஆனால் நான் முடிவெடுத்தது செலவைப் பார்த்து அல்ல. அக்கா வீடு சிந்துபூந்துறையில். 2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த மழையில் தாமிரபரணி ஏறி வந்தபோது அவள் அடுக்களையில் முழங்கால் தண்ணீர். வடிந்த பிறகு சேற்றை அள்ளிவிட்டுப் பார்த்தால், போட்டு ஒரு வருஷம்கூட ஆகாத கீழ் அலமாரிகள் ரசத்தில் விழுந்த ரஸ்க் மாதிரி உப்பிக் கிடந்தன. கதவு கீல்கள் கையோடு வந்தன. பக்கத்து வீட்டில் பழைய கடப்பா தட்டுகள். பைப் போட்டு அடித்துக் கழுவி, மறுநாளே பாத்திரம் அடுக்கிவிட்டார்கள்.

அக்கா வீட்டில் இருந்தது பிளைவுட்டே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அது மரத்தூளைப் பசையில் அழுத்திய பார்டிகிள் போர்டு. மேலே லேமினேட் ஒட்டிவிட்டால் வித்தியாசம் தெரியாது. கீலுக்குத் துளை போட்ட இடத்தில் பார்த்தால் தெரியும். ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள, ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட்டின் கதையே வேறு. அதன் பசை விடுகிறதா என்று பலகைத் துண்டை 72 மணி நேரம் கொதிநீரில் போட்டுச் சோதிக்கிறார்கள். போடுவதாக இருந்தால் அதைத்தான் போடுங்கள். பில்லில் அந்த 710 என்ற எண்ணையும் எழுதி வாங்குங்கள்.

"நம்ம தெரு மேடு மாப்ள, வெள்ளம் எங்க வரப்போகுது?" என்றார் மச்சான். வெள்ளம் வேண்டாம், சிங்க் அடியில் ஒரு சொட்டு போதும். ஈரமும் இருட்டும் சேர்ந்தால் கரையான் வந்துவிடும். எங்களுடையது பழைய வீடு, சுவரெல்லாம் மண் சாந்து. அடுக்களை வாசல் நிலையே செல்லரித்துத்தான் இந்த இடிப்பு வேலை ஆரம்பித்தது. தரையும் சுவரும் சேரும் இடத்தில் அடிக்கு ஒரு துளை போட்டு மருந்து இறக்கினோம். அதன் வீரியம் ஆயுசுக்கும் நிற்காது. சுவரோடு அறைந்த பெட்டிக்குப் பின்னால் கரையான் மண்கோடு போட்டு ஏறினால், பலகை பொக்கையாகும் வரை யார் கண்ணிலும் படாது. என் கல் தட்டில் பின்பலகை கிடையாது. போன ஐப்பசியில் சுவரில் ஒரு கோடு தெரிந்தது. அன்றைக்கே தட்டிவிட்டு மருந்து அடித்தாயிற்று. கதவு நெளிந்தால் கதவை மாற்றலாம். பெட்டி அரித்தால் மேடையையே பெயர்க்க வேண்டும்.

கல்லிலும் குறை உண்டு. கடப்பா ஒருவகைச் சுண்ணாம்புக் கல். புளியும் எலுமிச்சையும் பட்டால் பளபளப்பு போய்விடும். அதனால் மேடைக்கு கிரானைட். கீழ்த் தட்டில் அம்மாவின் புளி ஜாடி வைத்த இடத்தில் இப்போதே வட்டமாக வெளுத்திருக்கிறது. தட்டுக்கும் சுவருக்கும் நடுவே கொத்தனார் விட்ட சந்தில் கரப்பான் குடியேறி, பிறகு பூசி அடைத்தோம். இழுப்பறை வைப்பது கஷ்டம்; ஸ்டீல் கூடை இரண்டு வைத்ததோடு சரி. அலுமினியக் கதவு எத்தனை வருஷம் தொங்காமல் நிற்கும் என்று ஒன்றரை வருஷத்தை வைத்துச் சொல்ல முடியாது.

இரண்டுக்கும் நடுவில் டபிள்யூ.பி.சி. பலகை என்று ஒன்று இருக்கிறது, மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்தது. ஊறாது, செல்லரிக்காது. நண்பன் வீட்டில் குளியலறைக் கதவுக்குப் போட்டு நன்றாகவே இருக்கிறது. அலமாரிக்கு என்றால் ஸ்க்ரூ பிடிமானம்தான் சந்தேகம். கழற்றி மாட்டினால் துளை தளர்ந்துவிடுகிறது என்றார் ஆசாரி.

மேலே, தண்ணீர் எட்டாத உயரத்தில், மரைன் பிளைவுட்டில் இரண்டு அலமாரி போட்டேன். சத்தமில்லாமல் மூடும் கதவு வீட்டுக்காரிக்கு அங்கே கிடைத்தது. அம்மாவுக்கு எட்டாத உயரம். முறுக்கு டப்பா அங்கேதான் இருக்கிறது.