லேப்டாப் கிடைத்துவிடும், பேட்டரிக்கு யார் தருவார்?

குடியாத்தம் பக்கம் ஒரு கிராமத்தில் மாலை நேரப் படிப்பு மையம் நடத்துகிறோம். சின்ன டிரஸ்ட். ஒரு கம்பெனி சிஎஸ்ஆர் நிதியில் (கம்பெனிகள் சமூகப் பணிக்கென்று செலவிடும் பணம்) ஆறு லேப்டாப் கொடுத்தது. மூடியில் லோகோ ஒட்டி, போட்டோ எடுத்து, ரிப்போர்ட்டும் அனுப்பினோம். இரண்டாவது கோடையில் இன்வெர்ட்டர் பேட்டரி போயிற்று. வேலூர் வெயிலில் பேட்டரித் தண்ணீர் எந்த வேகத்தில் வற்றும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பணம் கேட்டால், "அது பட்ஜெட்ல வராதுங்க" என்றார்கள். சாமியில்லாத கோயில், தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று நம்மூரைக் கிண்டல் செய்வார்களே, அந்த வரிசையில் கரண்ட் இல்லாத கம்ப்யூட்டர் ரூமும் சேர்ந்துகொண்டது. (வேலூர் கோட்டைக் கோயிலுக்குச் சாமி 1981லேயே திரும்பி வந்துவிட்டார், அது வேறு கதை.)

அதிலிருந்து யாரிடம் நிதி கேட்டாலும், இரண்டாம் வருஷச் செலவு அதில் அடங்குமா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

சிஎஸ்ஆர்தான் நமக்குக் கைக்கெட்டும் பெரிய பணம். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகியவற்றில் ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவிட வேண்டும். தான் இயங்கும் பகுதிக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் முன்னுரிமை தர வேண்டும். ராணிப்பேட்டை சிப்காட், ஆம்பூர், வாணியம்பாடி எல்லாம் பக்கத்தில்தானே என்று போனால், 2019ல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு "நீங்க வேலூர் மாவட்டம் ஆச்சே" என்கிறார்கள். சட்டத்தில் மாவட்ட எல்லை என்று எதுவும் இல்லை. அதை மரியாதையாக எடுத்துச் சொல்லலாம்.

12ஏ (டிரஸ்டின் வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிக் கழிவு), சிஎஸ்ஆர்-1 (சிஎஸ்ஆர் பணம் வாங்க அரசிடம் செய்யும் பதிவு) எண், மூன்று வருஷ வேலை அனுபவம் எல்லாம் கேட்பார்கள். இங்கே பலர் கோட்டை விடுவது, சிஎஸ்ஆர் பணத்தில் நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விஷயத்தில். அந்த வரம்பு கம்பெனிக்குத்தான், நமக்கில்லை. இன்டர்நெட், ரிப்பேர், சொல்லித்தரும் ஆளின் சம்பளம் எல்லாவற்றையும் திட்டச் செலவாகவே எழுதிக் கேட்கலாம். 'தொடர் திட்டம்' என்று ஒப்புக்கொள்ள வைத்தால், தொடங்கிய நிதியாண்டு போக மேலும் மூன்றாண்டு வரை பணம் வர வழியுண்டு. எங்களுக்கு இது தெரியாமல் போயிற்று. பொருள் மட்டும் கேட்டோம், பொருள் மட்டும் வந்தது.

வெளிநாட்டு நிதி வாங்க எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு வேண்டும். அதற்கு டிரஸ்ட் மூன்று வருஷம் நடந்திருக்க வேண்டும், அந்த மூன்று வருஷத்தில் 15 லட்சம் செலவு காட்ட வேண்டும். பணம் முதலில் டெல்லி ஸ்டேட் பேங்க் மெயின் கிளைக்குத்தான் வரும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, போன் பில்லும் வாடகையும் அதில்தான் அடக்கம். 2020 திருத்தத்துக்கு முன், டவுனில் இருக்கும் பெரிய அமைப்பு வாங்கி நம்மைப் போன்றவர்களுக்குப் பங்கு தர முடிந்தது. இப்போது அந்தக் கதவும் மூடியாகிவிட்டது. சின்ன டிரஸ்டுக்கு இது வேண்டாத வேலை என்பேன்.

இலவச மென்பொருள் சுலபம். கூகுள் வொர்க்ஸ்பேஸ் (மெயில், ஆவணங்கள்), கேன்வா (போஸ்டர் வடிவமைக்க) இரண்டும் தொண்டு அமைப்புகளுக்குக் காசில்லாமல் கிடைக்கும். கூகுள் மாதம் 10,000 டாலர் வரை விளம்பரமும் தருகிறது; எங்கள் தெருப் பிள்ளைகளைக் கூப்பிட அது எதற்கு, ஒரு குரல் போதும்.

அப்புறம் உள்ளூர்க்காரர்கள். தொகை சின்னது, ஆனால் எதற்குச் செலவழித்தாய் என்று கட்டம் போட்டுக் கேட்க மாட்டார்கள். 80ஜி ரசீதுக்கு முன்போல மவுசு இல்லை, புதிய வரி முறையில் அந்தக் கழிவு கிடையாது. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் தந்தாலும் கிடையாது, பழைய லேப்டாப்பாகத் தந்தாலும் கிடையாது. ஆனாலும் கரண்ட் பில்லும் ரிப்பேரும் எங்களுக்கு இவர்கள் தயவில்தான் ஓடுகின்றன. கம்பெனியிடம் மெஷின், ஊரிடம் மாதச் செலவு என்று பிரித்துக் கேட்பதுதான் இப்போது எங்கள் கணக்கு.

பேட்டரியைக் கடைசியில் பஜாரில் எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கும் அண்ணன் தவணைக்குக் கொடுத்தார். அவர் மகன் எங்களிடம் டேலி படிக்கிறான். இன்னும் இரண்டு தவணை பாக்கி.