செல்ஃப் எடுக்காத பைக்கும் பாம்பன் காற்றும்

மண்டபத்தில் வீடு, தங்கச்சிமடத்தில் கடை. பாம்பன் சாலைப் பாலத்தைத் தினமும் இரண்டு முறை தாண்டியாக வேண்டும். என்னுடைய 150 சிசி பைக் 2009-இல் வாங்கியது. என்ஜினை இதுவரை பிரித்ததில்லை. பாடாய்ப் படுத்தியது செல்ஃப் மோட்டார் ஒன்றுதான். மூட்டு ஜவ்வு கிழிந்த பிறகு என்னால் கிக்கரை மிதிக்க முடியாது. செல்ஃப் எடுக்கவில்லை என்றால் அன்றைக்குக் கடை திறந்த மாதிரிதான்.

முதலில் 2016-இல் மக்கர் செய்தது. பொத்தானை அழுத்தினால், மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் ரிலே ‘டக்’கென்று தட்டும், அதோடு சரி. பக்கத்து மெக்கானிக் புது மோட்டார் போடச் சொன்னார். மனம் ஒப்பவில்லை. கழற்றி, ராமநாதபுரத்தில் ஆர்மேச்சர், அதாவது மோட்டாருக்குள் சுற்றும் செம்புச் சுருள் கட்டும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன்.

நீளமான இரண்டு போல்ட்டுகளை எடுத்து மூடியைத் திறந்ததும் கரித்தூள் மடியில் கொட்டியது. ஆர்மேச்சருக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டுகளான கார்பன் பிரஷ் இரண்டும் உளுத்தம்பருப்பு கனத்துக்குத் தேய்ந்திருந்தன. ஸ்பிரிங்கால் அவற்றைச் சுற்றும் செம்பு வளையத்தோடு சேர்த்து அழுத்த முடியவில்லை. மீட்டரின் ஒரு முனையைக் கம்யூட்டேட்டர் எனும் அந்தச் செம்பு வளையத்திலும் மற்றதைத் தண்டிலும் வைத்தார். தொடர்பு காட்டவில்லை. “ஆர்மேச்சர் உயிரோடுதான் இருக்கிறது தம்பி” என்றார். தொடர்பு காட்டியிருந்தால்தான் சுருள் உடம்பைத் தொட்டுவிட்டது என்று பொருள். கருத்த செம்பை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தார். செம்புப் பட்டைகளுக்கு நடுவில் இருந்த மைக்கா பள்ளங்களை உடைந்த ஆக்சா பிளேடால் ஒவ்வொன்றாகச் சுரண்டினார். அந்தப் பொறுமையைப் பார்க்கவே நிறைவாக இருந்தது. புது பிரஷ், புது ஓ ரிங் எனும் ரப்பர் வளையம். ஐந்து வருடம் ஒரு குறையும் இல்லை.

2021-இல் கச்சான் காற்று வீசும் நாட்களில் மறுபடியும் அதே ‘டக்’. இந்த முறை பேட்டரிதான் என்று நானே முடிவுகட்டிப் புதிது வாங்கினேன். பணம் வீண். ஹாரன் நன்றாக அடித்தது, விளக்கு பளிச்சென்று எரிந்தது, அதனால் வயரை நான் சந்தேகப்படவே இல்லை. ஹாரனுக்குச் சில ஆம்பியர் போதும். செல்ஃப் மோட்டார் கிளம்பும்போது அதைப் போலப் பல மடங்கு இழுக்கும். இணைப்பில் கொஞ்சம் களிம்பு இருந்தாலே அந்த ஓட்டம் தடைபட்டுவிடும்.

பெரியவர் சொல்லிக்கொடுத்தபடி மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை மோட்டார் உடம்பிலும் பிடித்துக்கொண்டு மகனைப் பொத்தானை அழுத்தச் சொன்னேன். இணைப்பு நன்றாக இருந்தால் அரை வோல்ட்டைக்கூட எட்டாது. எனக்கு மூன்றைத் தாண்டியது! பேட்டரி நெகட்டிவிலிருந்து வரும் எர்த் வயர் என்ஜினில் சேரும் போல்ட்டைக் கழற்றினால் வளையத்தின் அடியில் பச்சைப் பசேலென்று களிம்பு. உறையை இரண்டு அங்குலம் சீவினேன். உள்ளே செம்பு இழைகள் கருத்துப்போய், விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தன. வெளியே பார்த்தால் வயர் புதுசு போலவே இருந்தது. கடல் காற்று அப்படித்தான் உள்ளே புகுந்து தின்கிறது. தடித்த வயராக மாற்றி, என்ஜின் பரப்பை வெள்ளையாகும்வரை தேய்த்து, போல்ட்டை முறுக்கிய பின் மேலே வாசலின் பூசினேன். பொத்தானைத் தொட்டதும் எடுத்தது.

மோட்டார் ‘விர்’ரென்று சுற்றியும் என்ஜின் திரும்பவில்லை என்றால், அது மோட்டாரின் சுழற்சியை என்ஜினுக்குக் கொடுக்கும் ஒருவழி கிளட்சின் கோளாறு, மோட்டாரைக் குற்றம் சொல்லாதீர்கள். முழு மோட்டாரையும் மாற்றச் சொல்பவரிடம் முதலில் பிரஷைக் காட்டச் சொல்லுங்கள்.

அரிச்சல்முனைப் பக்கம் போய்வந்தால் அன்று இரவே நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவுகிறேன். மோட்டார் மேல் பிரஷர் பம்பு அடிக்க விடுவதில்லை. ஐப்பசி பிறக்கும் முன் எர்த் போல்ட்டைக் கழற்றித் துடைத்து மறுபடி வாசலின் பூசிவிடுவேன். போன முறை மோட்டாரையும் திறந்து பார்த்தேன். பிரஷ் இன்னும் பாதிக்குமேல் மிச்சம் இருக்கிறது.