ஓபனிலிருந்து அயோனா ஒருநாள் சுற்றுலா: கதை பிரமாதம், நேரம் போதாது

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள ஓபனிலிருந்து அயோனா தீவுக்குப் போய்வரும் ஒருநாள் சுற்றுலா இது. கப்பலில் மல் தீவு, அங்கிருந்து சுமார் 60 கிலோமீட்டர் பேருந்து, அப்புறம் பத்து நிமிடப் படகு. மல் தீவில் ஒற்றைத்தடச் சாலைதான். எதிரே வண்டி வந்தால் ஒதுங்கி நின்று வழிவிட வேண்டும். ஓட்டுநரே வழிகாட்டி. மனிதர் கதை சொல்வதில் கெட்டிக்காரர்.

563-ல் அயர்லாந்திலிருந்து பன்னிரண்டு தோழர்களோடு வந்து அயோனாவில் மடம் அமைத்த புனித கொலம்பாவைப் பற்றித்தான் வழியெல்லாம் பேச்சு. நெஸ் ஆற்றில் நீந்திய சீடரை விழுங்க வந்த மிருகத்தை அவர் சிலுவை அடையாளமிட்டு விரட்டிய கதைக்குப் பேருந்தே கலகலத்தது. இதையெல்லாம் எழுதிவைத்த அடொம்னான் அதே மடத்தின் ஒன்பதாவது மடாதிபதி, கொலம்பா இறந்து ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து எழுதியவர் என்பதையும் ஓட்டுநர் மறைக்கவில்லை. எனக்குப் பிடித்தது கடைசி நாள் கதை. விவிலியத்தின் திருப்பாடல் 34-ஐப் படியெடுத்துக்கொண்டிருந்த முதியவர், ஆண்டவரை நாடுவோருக்கு எந்த நன்மையும் குறைவுபடாது என்ற வரியில் நிறுத்தி, மிச்சத்தை பைத்தீன் எழுதட்டும் என்றாராம். அன்றிரவே கோயிலில் உயிர் பிரிந்தது. பைத்தீன்தான் அடுத்த மடாதிபதி. அது 597 ஜூன் 9. இன்றும் அந்தத் தேதியில்தான் அவர் திருநாள்.

இவ்வளவு சொல்லிவிட்டு, தீவில் எங்களுக்குக் கொடுத்தது இரண்டு மணி நேரம்கூட இல்லை. படகுத்துறையிலிருந்து மடாலயத்துக்கு நடக்க வேண்டும். வெளியூர்க்காரர்களின் கார்களுக்கு அங்கே அனுமதி கிடையாது. பெரிய கட்டடத்தைப் பார்த்தே பாதிப் பேருக்கு நேரம் போய்விட்டது. அதுவோ 1200 வாக்கில் வந்த பெனடிக்ட் சபையினருடையது, இருபதாம் நூற்றாண்டில் சீரமைக்கப்பட்டது. கொலம்பாவின் காலத்தைத் தொட வேண்டுமானால் எதிரே உள்ள சிறு பாறைமேட்டில் ஏற வேண்டும். அவருடைய எழுத்துக் குடில் அங்கே இருந்ததாக மரபு. 1957-ல் அங்கே தோண்டியெடுத்த கரித்துண்டுகளை ஆராய்ந்து, அவை அவர் காலத்தவைதான் என்று 2017-ல் அறிவித்தார்கள். ஓட்டுநர் இதை விட்டுவிட்டார்! நெஸ் மிருகத்தில் ஐந்து நிமிடம் குறைத்திருக்கலாம்.

மேற்கு வாசலை ஒட்டி அவர் கல்லறை இருந்ததாகச் சொல்லப்படும் இடத்தில் ஒரு சின்னக் கல் அறை. வைக்கிங் தாக்குதல்களுக்குப் பயந்து அவருடைய எலும்பு முதலான திருப்பண்டங்களை 9-ஆம் நூற்றாண்டிலேயே ஸ்காட்லாந்தின் உள்பகுதியிலுள்ள டன்கெல்டுக்கும் அயர்லாந்துக்கும் கொண்டுபோய்விட்டார்கள். ஆனாலும் வருகிறவர்கள் உள்ளே போய் முழந்தாளிடுகிறார்கள். நானும் வரிசையில் நின்றேன், என் முறை வருவதற்குள் படகுக்கு நேரமாகிவிட்டது.

கப்பல், பேருந்து, படகு மூன்றுக்கும் தனித்தனியே சீட்டு எடுத்துப் போகலாம். முடிந்தால் ஓர் இரவு தீவிலேயே தங்குங்கள், அறைகள் குறைவு என்பதால் முன்பதிவு அவசியம். சுற்றுலாவுக்கு ஐந்தில் மூன்று. அந்த மூன்றும் ஓட்டுநருக்கே.